பழைய கணினிக்கு ரேம் வாங்கப் போகிறீர்களா? ஜிபியைக் கேட்பதற்கு முன் சிப்பை எண்ணுங்கள்

ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும். லேபிளிலும் டிடிஆர்3, 4 ஜிபி என்றுதான் இருக்கும். பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை மட்டும் வராது. ரேம் விற்றவர் "உங்க போர்டுலதான் பிரச்சினை" என்பார். போர்டு பார்க்கிறவரிடம் போனால் "ரேம் டூப்ளிகேட்டா இருக்கும்" என்பார். இந்த இருவருக்கும் நடுவில் கொஞ்ச காலம் அலைந்தபின் எனக்குப் புரிந்தது இதுதான்: பல நேரம் போர்டிலும் கோளாறில்லை, ரேமிலும் கோளாறில்லை. இரண்டும் சேராது, அவ்வளவுதான். எது எதோடு சேரும் என்பதைக் காசு கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

இங்கே நான் பேசுவது டிடிஆர்3 (ரேமின் மூன்றாம் தலைமுறை) காலத்துக் கணினிகளைப் பற்றி. அதாவது கோர் 2 டுவோவின் கடைசிக் கால போர்டுகள், முதல் தலைமுறையிலிருந்து நான்காம் தலைமுறை வரையான ஐ3, ஐ5 டெஸ்க்டாப்புகள், லேப்டாப்புகள். வீட்டில் சும்மா கிடக்கிற பழைய கணினிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். டிடிஆர்2 கணினி என்றால் அதில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள் என்பது என் கருத்து.

1. செலவு செய்யத் தகுமா என்று முதலில் பாருங்கள்

கணினி மெதுவாக இருக்கிறது என்றாலே ரேம் போதவில்லை என்று அர்த்தமில்லை. வழக்கமாகத் திறக்கும் நிரல்களையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மெமரி 85, 90 சதவீதத்தில் நின்றால் ரேம் வாங்கலாம். மெமரி பாதிகூட நிரம்பாமல் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் துடித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு வேண்டியது எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிஸ்க். இரண்டுமே உச்சத்தில் இருந்தால் இரண்டும் வேண்டும். அப்போது எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள். சாட்டா ரகமாக (ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே கேபிளில் மாட்டுவது) வாங்கினால் அது இந்தக் காலத்து போர்டுகளில் பெரும்பாலும் தகராறு செய்யாது. நாளைக்கு வேறு கணினி வாங்கினால் அதற்கும் மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கிற இன்டெல் பிராசசர்கள் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஆக இந்தப் பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஓட்டப் போகிறீர்களா, பிள்ளைகள் தட்டச்சு பழகக் கொடுக்கப் போகிறீர்களா, அல்லது பேங்க் வேலையெல்லாம் இதில்தானா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கடைசி ரகம் என்றால் ரேமுக்குப் போடும் காசைச் சேர்த்து வைத்துப் புதிய தலைமுறை ரீஃபர்பிஷ்டு கணினியாக வாங்குவது நல்லது. நான் வைத்திருக்கும் அளவுகோல்: ரேம், எஸ்எஸ்டி, சர்வீஸ் கூலி எல்லாம் சேர்த்து அப்படியொரு கணினியின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திக்கொள்வது.

2. கணினியின் ஜாதகத்தை எடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் நான்கு விவரங்கள் கையில் இருக்க வேண்டும்: பிராசசர் பெயர், மதர்போர்டு அல்லது லேப்டாப் மாடல், இப்போது உள்ள ரேமின் விவரம், எத்தனை ஸ்லாட்.

இவற்றில் பெரும்பாலானதை சிபியூ-இசட் என்ற இலவச நிரல் காட்டிவிடும். அதில் மெமரி, எஸ்பிடி என்று இரண்டு பக்கங்கள் உண்டு. எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாகத் தேர்ந்தெடுத்தால் அதில் உள்ள ரேமின் கம்பெனி, பார்ட் நம்பர், வேகம் எல்லாம் வரும். மெமரி பக்கத்தில் வேகம் பாதியாகத்தான் தெரியும். 665 என்று காட்டினால் அது 1333 ரேம், 798 என்றால் 1600. அதைப் பார்த்துப் பதறி, பாதி வேகத்தில் ஓடுகிறது என்று யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டாம்.

பிராசசர் எந்தத் தலைமுறை என்பது பெயரிலேயே இருக்கிறது. ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை. ஐ3-3220 மூன்றாவது. ஐ5-4210யூ நான்காவது. டெஸ்க்டாப்பில் ஐ3-540, ஐ5-650 என்று மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் முதல் தலைமுறை. இதைத் துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள், நான்காவது படியில் வேண்டியிருக்கும்.

ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் எந்த நிரலையும் நம்பாதீர்கள். "2ல் 1 பயன்பாட்டில்" என்று டாஸ்க் மேனேஜர் காட்டும். திறந்து பார்த்தால் லேப்டாப்பில் ஒரே ஒரு ஸ்லாட்தான் இருக்கும். பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) கம்பெனிக்காரர் எழுதி வைத்ததை அது அப்படியே ஒப்பிக்கிறது, அவ்வளவுதான். சில லேப்டாப்பில் 4 ஜிபி போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், கூட ஒரு ஸ்லாட் இருக்கும். சிலவற்றில் இரண்டாவது ஸ்லாட் கீபோர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அடிமூடியைக் கழற்றி ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். அப்படியே உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி இரண்டு பக்கமும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் ஆயிரம் வார்த்தை பேசுவதற்குப் பதில் அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.

அதிகபட்சம் எவ்வளவு ரேம் ஏற்கும் என்பதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். லேப்டாப் கையேடு 8 ஜிபி என்னும், இன்டெல்லின் தளம் அதே பிராசசருக்கு 16 ஜிபி என்னும். ஐ5-2410எம் போட்ட பல லேப்டாப்புகளில் இந்த முரண்பாட்டைப் பார்க்கலாம். 8 ஜிபி ரேம் துண்டு அரிதாக இருந்த காலத்தில் எழுதிய கையேடு அது. பெரும்பாலும் இன்டெல் சொல்வதுதான் நடக்கிறது. ஆனால் பயாஸ் ஒத்துழைக்காத லேப்டாப்புகளும் உண்டு. அதனால் கையேட்டு அளவைத் தாண்டி வாங்குவதாக இருந்தால், திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் மட்டும் வாங்குங்கள்.

3. லேபிளில் என்ன எழுதியிருக்கிறது

ரேம் லேபிளில் இப்படி ஒரு வரி இருக்கும்: 4ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3எல்-12800எஸ். எல்லாம் ஆங்கில எழுத்தில் ஒட்டி ஒட்டி இருக்கும். பிரித்துப் படித்தால் இவ்வளவுதான் (2ஆர்எக்ஸ்8 என்பதை மட்டும் நான்காவது படியில் பார்ப்போம்):

பிசி3 என்றால் டிடிஆர்3. கூட ஒரு எல் வந்தால் குறைந்த வோல்டேஜ் ரகம். 12800 என்பதை எட்டால் வகுத்தால் 1600, அதுதான் வேகம். 10600 என்றிருந்தால் 1333. கடைசி எழுத்து எஸ் என்றால் லேப்டாப்புக்கு, யூ என்றால் சாதாரண டெஸ்க்டாப்புக்கு. அந்த இடத்தில் ஆர் என்று இருந்தால் அது சர்வர் ரேம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வீட்டு டெஸ்க்டாப்புக்கு வேண்டாம். சர்வர்களைக் கழித்துக்கட்டும்போது இந்த ரேம்கள் குவியலாகச் சந்தைக்கு வரும். விலை கண்ணைப் பறிக்கும், ஸ்லாட்டிலும் உட்காரும், ஆனால் சாதாரண போர்டில் ஓடாது. ஈ என்ற எழுத்து இருந்தால் பிழைதிருத்தும் ரகம். சில போர்டில் ஓடும், சிலவற்றில் ஓடாது. அந்தச் சூதாட்டமும் நமக்கு வேண்டாம்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இரண்டாம் தலைமுறைப் பிராசசரில் 1600 ரேமைப் போட்டால் பெரும்பாலும் 1333ல் ஓடும், கெட்டுப்போகாது. ஒன்று 1333, இன்னொன்று 1600 என்று கலந்து போட்டால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.

4. சிப்பை எண்ணுங்கள்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கடையில் யாரும் சொல்லித் தருவதுமில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

ரேம் துண்டில் கருப்பாகச் சதுரம் சதுரமாக ஒட்டியிருப்பவை மெமரி சிப்கள். ஒரே 4 ஜிபியை இரண்டு விதமாகச் செய்யலாம். இரண்டு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப் வைக்கலாம், அப்போது ஒவ்வொரு சிப்பும் 2 ஜிகாபிட் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி). அல்லது ஒரே பக்கத்தில் எட்டு சிப் வைக்கலாம், அப்போது ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட். கொள்ளளவு அதேதான், லேபிளில் 4 ஜிபி என்றுதான் இருக்கும். ஆனால் பழைய மெமரி கன்ட்ரோலருக்கு (ரேமைப் படித்து எழுதும் பகுதி) 4 ஜிகாபிட் சிப்பைப் படிக்கத் தெரியாது. அது வடிவமைக்கப்பட்ட காலத்தில் அவ்வளவு பெரிய சிப்புக்கு வேண்டிய முகவரிக் கம்பிகளை வைக்கவில்லை. பயாஸ் அப்டேட் செய்தாலும் இல்லாத கம்பி வந்துவிடப் போவதில்லை.

எந்தக் கணினி எந்தச் சிப்பை ஏற்கும்?

ஜி41 சிப்செட் போர்டு, அதாவது கோர் 2 டுவோ, டுவல் கோர் போட்டு வந்த டிடிஆர்3 போர்டு: 2 ஜிகாபிட் வரைதான். இரண்டு ஸ்லாட்டிலும் பதினாறு சிப் உள்ள 4 ஜிபி போட்டு 8 ஜிபி வரை போகலாம். இன்று கடையில் கிடைக்கும் டிடிஆர்3 4 ஜிபியில் பெரும்பாலானவை எட்டு சிப் ரகம். அதைப் போட்டால் திரை வராது, வந்தாலும் பாதி ஜிபிதான் காட்டும். பழைய பதினாறு சிப் ரகத்தைக் கேட்டுத் தேடித்தான் வாங்க வேண்டும். இன்னொன்று, சில ஜி41 போர்டுகளில் டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் ஸ்லாட் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது, ஏதாவது ஒன்றுதான்.

முதல் தலைமுறை ஐ3, ஐ5: இங்கும் அதே 2 ஜிகாபிட் எல்லைதான். ஒரு ஸ்லாட்டுக்கு 4 ஜிபியைத் தாண்டாதீர்கள், அதிலும் பதினாறு சிப்.

இரண்டு, மூன்று, நான்காம் தலைமுறை: 4 ஜிகாபிட் சிப் ஓடும். எட்டு சிப் 4 ஜிபி, பதினாறு சிப் 8 ஜிபி இரண்டும் சரி. எச்61 போர்டு என்றால் பொதுவாக இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி. இந்தத் தலைமுறைகளுக்கு எட்டே சிப்பில் 8 ஜிபி, அல்லது ஒரே துண்டில் 16 ஜிபி டிடிஆர்3 என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். அவை 8 ஜிகாபிட் சிப். இவற்றில் ஓடாது.

சரி, பதினாறு சிப் எண்ணிவிட்டோம், வாங்கிவிடலாமா என்றால், டெஸ்க்டாப்பில் இன்னொரு வலை இருக்கிறது. "ஏஎம்டி மட்டும்" என்ற ரேம். பார்க்கப் பதினாறு சிப்தான் இருக்கும், பளபளவென்று புதிதாக இருக்கும், விலையும் குறைவு. இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ஏஎம்3 போன்ற போர்டுகளில் ஓடும், இன்டெல் போர்டில் திரையே வராது. காரணம், சர்வருக்கென்று செய்த நாலு பிட் அகலச் சிப்களை அதில் வைத்திருப்பார்கள். இன்டெல்லின் வீட்டு போர்டுகள் எட்டு பிட் அகலச் சிப்பைத்தான் எதிர்பார்க்கின்றன. ஆன்லைனில் விற்பவர்கள் விவரத்தின் அடியில் எங்கோ ஒரு மூலையில் ஏஎம்டி என்று எழுதியிருப்பார்கள். நேரில் விற்பவர்களில் பலருக்கே அது தெரியாது.

தப்பிக்கும் வழி அந்த 2ஆர்எக்ஸ்8 என்ற குறிதான். கடைசி எண் 8 என்றால் எட்டு பிட் அகலம், நமக்குச் சரி. 4 என்றால் வைத்துவிட்டு வாருங்கள். லேபிளில் அந்தக் குறியே இல்லாவிட்டால், அல்லது லேபிள் மேல் நம்பிக்கை இல்லாவிட்டால், சிப்பின் மேலேயே பொடி எழுத்தில் இருக்கும் நம்பரைப் படியுங்கள். மொபைல் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும். சாம்சங் டிடிஆர்3 சிப் என்றால் கே4பி என்று தொடங்கும். அடுத்து வருவது 2ஜி அல்லது 4ஜி, அது சிப்பின் அளவு ஜிகாபிட்டில். அதற்கடுத்து 08 என்றால் எட்டு பிட், 04 என்றால் நாலு பிட். ஆக கே4பி2ஜி08 என்று தொடங்கினால் ஜி41 போர்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஹைனிக்ஸ் சிப்பில் எச்5டிக்யூ2ஜி83 என்பது 2 ஜிகாபிட், எட்டு பிட். அதே இடத்தில் 43 என்றிருந்தால் நாலு பிட். லேபிளை எவன் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். சிப் மேல் உள்ள எழுத்தைப் போலியாகச் செய்வது அதைவிட மெனக்கெடும் வேலை.

ஹீட்சிங்க் என்று அலுமினியத் தகடு மூடிய ரேம்களில் சிப்பை எண்ணவே முடியாது. பழைய போர்டுக்கு அந்தத் தகட்டால் ஒரு பயனுமில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பொருளுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? தவிர, அவற்றில் சில 1.65 வோல்ட் கேட்கும் ரகம். தகடு இல்லாததையே கேளுங்கள்.

5. வோல்டேஜ்: லேப்டாப்காரர்கள் மட்டும் கவனிக்க

சாதாரண டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், எல் சேர்ந்த ரகத்துக்கு 1.35. எல் ரகம் இரண்டிலும் ஓடும், சாதாரண ரகம் 1.5ல் மட்டும்தான் ஓடும். நான்காம் தலைமுறை லேப்டாப்புகளில், குறிப்பாகப் பிராசசர் பெயரின் கடைசியில் யூ இருந்தால், 1.35 மட்டும்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சாதாரண டிடிஆர்3 போட்டால் கருப்புத் திரைதான். சந்தேகம் இருந்தால் எல் ரகமே வாங்கிவிடுங்கள், பழைய லேப்டாப்பிலும் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். ஏற்கெனவே உள்ள சாதாரண ரகத்தோடு சேர்த்துப் போட்டாலும் 1.5க்கு ஒத்துப்போகும்.

6. வாங்கும்போது: பில், வாரண்டி, கிழமை

டிடிஆர்3 புதிதாகவும் கிடைக்கிறது, பழையதும் கிடைக்கிறது. 2025 கடைசியிலிருந்து எல்லா ரக ரேமும் விலை ஏறிக்கிடப்பதால் இங்கே ஒரு தொகையை எழுதி வைப்பதில் பயனில்லை. இரண்டு மூன்று கடைகளில் கேளுங்கள். ஒருவர் மட்டும் மற்றவர்களைவிடப் பாதி விலை சொன்னால் அது ஏஎம்டி ரகமா என்று பாருங்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்தான். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் நரசிங்கபுரம் தெருவும் அதை ஒட்டிய சந்துகளும். காலை பதினோரு மணிக்கு மேல் போங்கள், அப்போதுதான் எல்லாக் கடையும் திறந்திருக்கும். எந்தக் கிழமை போவது என்பது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் அதில்தான் காசு இருக்கிறது. பழைய ரேமுக்குப் பெரும்பாலும் டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து, ஓடாவிட்டால் சில நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறு பல கடைகளுக்கு விடுமுறை. திங்கள் உங்களுக்கு ஆபீஸ். வாரண்டி அப்படியே கரைந்துவிடும். வார நாளில் வாங்கி, அன்று இரவே சோதித்து, ஓடாவிட்டால் கடைக்குத் திரும்பிப் போக மறுநாள் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் லேப்டாப்பையே எடுத்துப் போங்கள். டெஸ்க்டாப் என்றால் சிபியூ பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதும் தவறில்லை. கடைக்காரர் முன்னாலேயே போட்டு, பயாஸில் முழு ஜிபியும் தெரிவதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பதைவிடச் சிறந்த வழி வேறில்லை. அந்த ஆட்டோக் கூலி வீண்செலவு இல்லை.

பில் இல்லாமல் வராதீர்கள். பில்லில் "4 ஜிபி ரேம்" என்று மட்டும் இருந்தால் அது காகிதம்தான். கம்பெனி பெயர், பார்ட் நம்பர், சீரியல் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். "போர்டில் சேராவிட்டால் மாற்றித் தரப்படும், இத்தனை நாள்" என்று கையால் எழுதி வாங்குங்கள். "சார், டிடிஆர்3 எல்லாம் ஒண்ணுதான், ஓடலைன்னா எடுத்துட்டு வாங்க" என்று வாயால் சொல்பவர், எழுதித் தரச் சொன்னதும் தயங்கினால் அடுத்த கடைக்கு நகருங்கள். புது ரேம் என்றால் அதன் மேல் உள்ள ஸ்டிக்கரை எக்காரணம் கொண்டும் உரிக்காதீர்கள். ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போச்சு.

ஆன்லைனில் வாங்கினால் பணம் திரும்பக் கிடைக்குமா, பொருள் மட்டும்தான் மாற்றுவார்களா என்று பாருங்கள். பல இடங்களில் மாற்று மட்டும்தான். சேராத ரேமுக்குப் பதில் அதே சேராத ரேம் இன்னொன்று வரும். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்வதும் நல்லது.

7. பொருத்துவது

ஷட் டவுன் செய்து, பவர் கார்டைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச கரண்டும் இறங்கிவிடும். கேபினட்டின் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமை ஓரத்தில் பிடித்து எடுங்கள்.

டெஸ்க்டாப்பில் வெட்டுக்குறியை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, இரண்டு முனையிலும் கிளிப் தானாக மூடும்வரை நேராக அழுத்த வேண்டும். லேப்டாப்பில் சாய்வாகச் செருகி, தங்கநிறக் கோடு உள்ளே போனதும் கீழே மடக்கினால் டிக் என்று உட்காரும். டிடிஆர்2க்கும் டிடிஆர்3க்கும் டெஸ்க்டாப்பில் 240 பின்தான், நீளமும் ஒன்றுதான், வெட்டுக்குறி மட்டும் இடம் மாறியிருக்கும். இறங்கவில்லை என்றால் மேலும் அழுத்தாதீர்கள், எடுத்துப் பாருங்கள்.

8. திரை வரவில்லையா?

முதலில் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். ரேம் மாறியதும் சில போர்டுகள் தானாக அணைந்து அணைந்து ஓரிரு முறை திரும்பத் தொடங்கும். அதைக் கண்டு பயந்து நடுவில் பிடுங்க வேண்டாம்.

பிறகும் வராவிட்டால் இந்த வரிசையில் போங்கள். வரிசையை மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

பழைய ரேமை மட்டும் பழைய ஸ்லாட்டில் போடுங்கள். திரை வந்தால் கணினி நலம். அடுத்து பழைய ரேமையே மற்ற ஸ்லாட்டில் போடுங்கள். வந்தால் ஸ்லாட்டும் நலம். வராவிட்டால் ஸ்லாட்டில் தூசியோ கோளாறோ இருக்கிறது, புது ரேம் மேல் பழி இல்லை. இப்போது புது ரேமை மட்டும் தனியாக, நன்றாக ஓடும் ஸ்லாட்டில் போடுங்கள். தனியாக ஓடி, சேர்த்துப் போட்டால் ஓடவில்லை என்றால் இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. தனியாகவும் ஓடவில்லை என்றால் நான்காவது, ஐந்தாவது படிகளை மறுபடி சரிபாருங்கள்.

பழைய ரேமிலும் திரை வரவில்லையா? தங்கநிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போடுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அந்தப் பற்கள் மங்கிப்போகும். பாதிக் கேஸ் இந்த ஐந்து ரூபாய் ரப்பரிலேயே தீர்ந்துவிடும். அடுத்தது சிமாஸ், அதாவது பயாஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம். டெஸ்க்டாப் போர்டில் ரூபாய் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். பயாஸ் பழைய ரேமின் கணக்குகளை மறந்துவிட்டுப் புதிதாக எண்ணிப் பார்க்கும். தேதியும் நேரமும் போய்விடும், திரும்ப வைத்துக்கொள்ளலாம். பத்து வருடப் பழைய போர்டு என்றால் அந்தப் பேட்டரியையே மாற்றிவிடுங்கள், பெரிய விலையில்லை.

டெஸ்க்டாப்காரர்களுக்கு இன்னொரு சோதனை. போர்டில் மாட்டும் குட்டி பீப் ஸ்பீக்கர் ஒன்று சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதை மாட்டி, எல்லா ரேமையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். ரேம் இல்லை என்று போர்டு பீப் பீப் என்று கத்த வேண்டும். கத்தினால் பிராசசரும் போர்டும் உயிரோடு இருக்கின்றன, சிக்கல் ரேம் பக்கம்தான். ரேமே இல்லாதபோதும் சத்தமில்லை என்றால் பவர் சப்ளை, போர்டு என்று வேறு இடத்தில் தேட வேண்டும். மெக்கானிக்கிடம் போவதற்கு முன் இதைச் செய்துவிட்டால் "ரேம் போச்சு" என்று யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

பயாஸ் அப்டேட்டைக் கடைசியில் வையுங்கள். போர்டு கம்பெனியின் தளத்தில் புதிய பயாஸின் குறிப்பில் மெமரி பற்றி ஏதாவது இருந்தால் மட்டும் செய்யுங்கள். யூபிஎஸ் இல்லாமல் வேண்டவே வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும்.

9. திரை வந்தது, ஜிபி குறைகிறது

பயாஸில் எவ்வளவு காட்டுகிறது, விண்டோஸில் எவ்வளவு காட்டுகிறது என்று இரண்டையும் பாருங்கள்.

பயாஸில் முழுதாக இருந்து விண்டோஸில் மூன்று சொச்சம் ஜிபி மட்டும் பயன்படும் என்று வந்தால், அது 32 பிட் விண்டோஸ். செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் பகுதியில் தெரியும். 64 பிட்டுக்கு மாற வழி ஒன்றுதான், முழுதாகத் துடைத்துப் புதிதாக நிறுவ வேண்டும். அதே எடிஷனைப் போட்டால் விண்டோஸ் 10ன் டிஜிட்டல் லைசன்ஸ் செல்லும். ஃபைல்களை முன்கூட்டியே நகல் எடுத்து வையுங்கள்.

64 பிட்டாக இருந்தும் குறைந்தால் விண்டோஸிலேயே இருக்கும் எம்எஸ்கான்ஃபிக் என்ற நிரலைத் திறந்து, பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் மேக்சிமம் மெமரி டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். வேகம் கூடும் என்று எங்கோ படித்துவிட்டு யாரோ அதைத் தொட்டிருப்பார்கள். டிக்கை எடுத்துவிடுங்கள். ஜி41 காலத்துப் பயாஸில் மெமரி ரீமேப் என்று ஒன்று இருக்கும், அது எனேபிள் ஆகியிருக்க வேண்டும். சில நூறு எம்பி மட்டும் குறைந்தால் கவலையில்லை, அது ஆன்போர்டு கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்ட பங்கு.

பயாஸிலேயே பாதிதான் தெரிகிறதா? ஒன்று சிப் அளவு சேரவில்லை, நான்காவது படி. அல்லது ஒரு ஸ்லாட் செத்துவிட்டது. டெஸ்க்டாப்பில் பிராசசர் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும், கூலர் ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தாலும் ஒரு பக்க ரேம் தெரியாமல் போகும். சமீபத்தில் யாராவது பிராசசர் மேல் தடவும் பேஸ்டை மாற்றுகிறேன் என்று கூலரைக் கழற்றியிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

10. ஒரு ராத்திரி முழுக்கச் சோதனை

முழு ஜிபி காட்டிவிட்டது என்பதற்காகப் பழைய ரேமைத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். திரை வந்தபின் இரண்டு நாள் கழித்து நீலத்திரை, குரோம் டேப் செத்துப்போவது, ஜிப் ஃபைல் பிரியாமல் போவது என்று ஆரம்பிக்கும் கேஸ்கள் நிறைய. மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்து, வாங்கிய அன்றே ராத்திரி ஓடவிடுங்கள். பழைய கணினியில் 8 ஜிபிக்கு ஒரு சுற்று முடியவே மணிக்கணக்காகும். காலையில் எரர் பூஜ்யம் என்றிருக்க வேண்டும். சிவப்பில் ஒன்றே ஒன்று வந்திருந்தாலும் பாஸ் இல்லை. ரேமைத் தனித்தனியாகப் போட்டு எது பிழை காட்டுகிறது என்று பிரித்துவிட்டு, அந்தத் திரையைப் படம் எடுத்து, பில்லோடு கடைக்குப் போங்கள். அந்தப் படம் இருந்தால் வாக்குவாதம் சீக்கிரம் முடிகிறது.

தனித்தனியாகப் பிழையில்லை, சேர்த்துப் போட்டால் மட்டும் பிழை வருகிறது என்றால், பயாஸில் வேகத்தை ஒரு படி இறக்கி, 1600ஐ 1333 ஆக்கி, மறுபடி ஓடவிடுங்கள். பெரும்பாலான வீட்டு போர்டுகளில் அந்த வசதி இருக்கும், லேப்டாப்பில் இருக்காது. லேப்டாப்காரர்கள் அந்த ரேமைக் கொடுத்துவிட்டு, ஏற்கெனவே உள்ளதன் பார்ட் நம்பரிலேயே இன்னொன்று கேளுங்கள், அல்லது ஒரே மாதிரி ஜோடியாக வாங்குங்கள்.

சோதனை சுத்தமாக முடிந்ததும், மிஞ்சிய பழைய 2 ஜிபி துண்டைக் கடையில் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம், சொற்ப விலைதான் கிடைக்கும். புது ரேமின் டெஸ்டிங் வாரண்டி நாள் முடியும்வரையாவது அதை வீட்டிலேயே ஒரு கவரில் போட்டு வைத்திருங்கள். நடுவில் திரை வராமல் போனால் சோதித்துப் பார்க்க அந்தத் துண்டுதான் வேண்டும்.